மேல கொட்டினா கீழ வருமா? சேலத்து ஜவ்வரிசியை வச்சு ஒரு கணக்கு

பட்ஜெட் நேரம் வந்தா டிவியில ஒருத்தர் கண்டிப்பா வந்து உக்காந்துடுவாரு. பெரிய கம்பெனிகளுக்கு வரியைக் குறைங்க, கையில காசு மிஞ்சினா ஃபேக்டரி போடுவாங்க, ஃபேக்டரி வந்தா வேலை வரும், வேலை வந்தா சம்பளம் வரும், அந்தச் சம்பளம் டீக்கடை மளிகைக்கடை வரைக்கும் வந்து சேரும்னு சொல்லுவாரு. இதைத்தான் ட்ரிக்கிள் டவுன்னு சொல்றாங்க, ஆனா இதை ஆதரிக்கறவங்க யாரும் அந்தப் பேரை ஒத்துக்க மாட்டாங்க, சப்ளை சைடுன்னு கௌரவமா சொல்லிக்குவாங்க. எதிர்ப்பக்கம் இருக்கறவரு லாபம்னாலே கொள்ளைன்னு ஆரம்பிப்பாரு. அரைமணி நேரம் ரெண்டு பேரும் கத்திட்டு விளம்பரத்துக்குப் போயிடுவாங்க.

இந்தச் சண்டையில ரெண்டு தனித்தனி கேள்வி ஒண்ணா கலந்து கிடக்கு. லாபம் சம்பாதிக்கணும்ங்கற ஆசை ஊருக்கு நல்லது பண்ணுதாங்கறது ஒரு கேள்வி. அப்படி வந்த லாபம் தானா கீழ வருமாங்கறது இன்னொரு கேள்வி. முதலாவதுக்கு என் பதில் ஆமா, பெரும்பாலும். ரெண்டாவதுக்கு இல்ல, தானா வராது. ஏன் வராதுங்கறதைப் புரிஞ்சுக்க சேலத்துக்காரங்க அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்ல (அங்கயும் ஒரு எட்டு போயிட்டு வருவோம், பின்னாடி), ஆத்தூர் ரோட்டுல இருக்கற ஒரு ஜவ்வரிசி மில்லு வாசல் வரைக்கும் போனா போதும்.

ஜவ்வரிசி நம்ம ஊர்ல காலங்காலமா இருந்த தொழில் கிடையாது. ரெண்டாம் உலகப்போர் வரைக்கும் மலேயா, சிங்கப்பூர் பக்கம் இருந்து கப்பல்ல வந்துட்டிருந்த சரக்கு அது. போர்ல அந்தப் பக்கமெல்லாம் ஜப்பான் கைக்குப் போனதும் வரத்து நின்னு போச்சு. 1943 வாக்குல சேலத்துல மாணிக்கம் செட்டியார்ங்கற வியாபாரி, பினாங்குல இருந்து வந்த பொபட்லால் ஷாங்கறவரோட சேந்து, இங்க விளையற குச்சிக்கிழங்குல (மரவள்ளி) மாவெடுத்து ஜவ்வரிசி பண்ண ஆரம்பிச்சாங்க. ஊருக்கு நாலு நல்லது பண்ணணும்னு யாரும் அவங்களைக் கேக்கல. சரக்குக்குத் தட்டுப்பாடு, விலை ஏறிக் கிடக்கு, பண்ணினா காசு வரும், அவ்வளவுதான். ஆனா அந்தக் கணக்குல இருந்து முளைச்சது என்னன்னு பாருங்க, இன்னைக்கு நாட்டுல ஆகற ஜவ்வரிசியில பெரும்பங்கு சேலம் நாமக்கல் சுத்துவட்டாரத்துல தான் ஆகுது, மானாவாரி நிலத்துல வேற எதுவும் சரியா வராத விவசாயிக்கு ஒரு பணப்பயிர் கிடைச்சுது, மில்லுல வேலை, களத்துல காயப்போடற வேலை, லாரிக்கு லோடு, 2023ல புவிசார் குறியீடு கூட வந்துடுச்சு. நம்ம வீட்டுல பாயாசம் வடகம் தவிர பெருசா யாரும் தின்கறதில்ல, வடக்க மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம்னு விரதத்துக்கு கிச்சடி கிண்டறவங்க தான் இந்தத் தொழிலையே தூக்கி நிறுத்தறாங்க. நவராத்திரிக்கு அங்க பட்டினி கிடந்தா இங்க மில்லு ஓடும்.

பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776லயே சொன்னது இதைத்தான். கறிக்கடைக்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் நம்ம மேல இருக்கற பாசத்துல சாப்பாடு போடறதில்ல, அவங்க பொழப்புக்காகத் தான் போடறாங்க, ஆனா நமக்கு சாப்பாடு கிடைச்சுடுது. அதே ஆளு இன்னொண்ணும் சொல்லியிருக்காரு, அதை மட்டும் டிவியில யாரும் எடுக்கறதில்ல: ஒரே தொழில் பண்றவங்க ஒண்ணு கூடினா அந்தப் பேச்சு கடைசியில விலையை ஏத்தற சதியில தான் போய் முடியும்னு.

சரி, மில்லு வாசல். எங்க சித்தப்பாவுக்கு ஆத்தூர் பக்கம் கொஞ்சம் காடு இருக்கு, குச்சிக்கிழங்கு தான் போடுவாரு. நட்டு எட்டு பத்து மாசம் ஆகும் வெட்டறதுக்கு. ஆள் வச்சு புடுங்கி, வண்டியில ஏத்தி, மில்லு வாசல்ல கொண்டு போய் நிறுத்தணும். அங்க எடை போட்டு, கிழங்குல மாவுச்சத்து எவ்வளவுன்னு பாத்து பாயிண்ட் போடுவாங்க, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவுன்னு தான் ரேட்டு. கிழங்கு அதே கிழங்கு தான், பாயிண்ட் இருபத்தஞ்சுன்னு போட்டா ஒரு காசு, இருபத்தெட்டுன்னு போட்டா வேற காசு. போன சீசன்ல நானும் கூடப் போயிருந்தேன். "என்னங்க, நேத்து ஃபோன்ல சொன்ன ரேட்டு வேற இல்லீங்களா?"ன்னு சித்தப்பா கேட்டாரு. உள்ள உக்காந்திருந்தவரு நிமிந்து கூடப் பாக்கல, "மார்க்கெட் இறங்கிடுச்சுங்கண்ணா, வேணாம்னா திருப்பிக்கோங்க"ன்னாரு. மரியாதையா தான் சொன்னாரு. ஆனா திருப்பிக்கிட்டு எங்க போறது? வெட்டின குச்சிக்கிழங்கு ரெண்டு மூணு நாள் தான் தாங்கும், அதுக்கு மேல உள்ள நீலக்கோடு ஓடி கருத்துப் போயிடும், மாவும் குறைஞ்சுடும். வண்டி வாடகை வேற ஏறிட்டே இருக்கு. சித்தப்பா இறக்கிட்டு வந்துட்டாரு.

இதுல மில்லுக்காரர் கெட்டவர்னு நான் சொல்ல வரல, அவரும் வட்டிக்கு வாங்கித் தான் ஓட்டறாரு. நான் சொல்ல வர்றது இதுதான்: கிழங்கு ரெண்டு நாள்ல கெட்டுப் போகும், ஜவ்வரிசி மாசக்கணக்குல மூட்டையில கிடக்கும். ஒருத்தரால காத்திருக்க முடியும், இன்னொருத்தரால முடியாது. பேரத்துல ஜெயிக்கறது யாருன்னு அங்கயே முடிவாயிடுது. வடக்க ஜவ்வரிசி விலை ஏறினா அந்த லாபம் சங்கிலியில காத்திருக்க முடிஞ்ச ஆளு கையில போய் நிக்கும், காத்திருக்க முடியாதவரைத் தேடி வராது. ட்ரிக்கிள் டவுன் கதையில இந்த விஷயமே கிடையாது. மேல நிரம்பினா கீழ வழியும்னு சொல்றாங்களே தவிர, மேல இருக்கற பாத்திரத்தை வேணும்கற அளவு பெருசு பண்ணிக்கலாம்ங்கறதை யாரும் சொல்றதில்ல.

மில்லுக்காரங்களே ஒரு காலத்துல இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்க தான், இது பலருக்கு மறந்து போச்சு. எழுபதுகள்ல சரக்கை வச்சுப் பாதுகாக்க குடோன் கிடையாது, கையில காசு கிடையாது, வியாபாரியும் தரகரும் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டாகணும். அதுக்காகத் தான் 1981ல சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்துச்சு, ஓமலூர் மெயின் ரோட்டுல ஜாகீர் அம்மாபாளையத்துல இருக்கே, அதுதான். மெம்பர் மில்லுக்காரங்க மூட்டையைக் கொண்டு போய் குடோன்ல அடுக்கலாம், சரக்கு மேல அட்வான்ஸ் வாங்கிக்கலாம், டெண்டர்ல வியாபாரிங்க விலை கேப்பாங்க, விலை கட்டுப்படியாகலன்னா கொஞ்சம் பொறுக்கலாம். அவ்வளவுதான் அது பண்ணின வேலை, பொறுக்கறதுக்கு ஒரு வழி. அதுக்கப்புறம் தான் வியாபாரி கையில நின்ன லாபம் ஒரு படி இறங்கி மில்லுக்காரர் வரைக்கும் வந்துச்சு. வியாபாரி பணக்காரன் ஆனதால வழிஞ்சு வரல, மில்லுக்காரங்க சேந்து நின்னதால வந்துச்சு.

அந்தப் படியோட அது நின்னும் போச்சு. சேகோசர்வ் மில்லுக்காரங்க சங்கம், விவசாயி சங்கம் இல்ல. கிழங்குக்கு அந்த மாதிரி ஒரு குடோன் போடவும் முடியாது, கெட்டுப் போற சரக்கு. எல்லா மில்லும் எல்லா மூட்டையையும் அங்க கொண்டு போறதும் இல்ல, வெளி மார்க்கெட்ல ஓடறது நிறைய. இது போதாதுன்னு சில பேர் மக்காச்சோள மாவைக் கலந்து விக்கறாங்க, அது விலை கம்மி, அதனால கிழங்கு தேவை குறைஞ்சு விவசாயிக்கு விலை விழுது, இந்தப் புகார் வருஷாவருஷம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல வந்துட்டே தான் இருக்கு. கலப்படம் பண்றவரை ஓட்டறதும் லாப ஆசை தான், 1943ல இந்தத் தொழிலை உண்டாக்கினதும் அதே ஆசை தான். ஆசைக்குத் தெரியாது எது ஊருக்கு நல்லதுன்னு. எந்தப் பக்கம் வழி சுலபமா இருக்கோ அந்தப் பக்கம் போகும்.

கழிவுத்தண்ணி விஷயத்தையே எடுத்துக்கங்களேன். ஜவ்வரிசி மில்லு தண்ணி ஏரியில கலந்தா நாலு கிலோமீட்டருக்கு நாறும், அந்த நாத்தத்தோட விலையை மில்லுக்காரர் கட்டல, ஏரிக்கரையில குடியிருக்கறவங்க கட்டினாங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு பக்கம் நெருக்குச்சு, இன்னொரு பக்கம் அந்தத் தண்ணியில இருந்து கேஸ் எடுத்து கரண்ட் பண்ணலாம், பில் மிச்சம்னு தெரிஞ்சுது, அதுக்கப்புறம் பல மில்லுங்க பயோகேஸ் பிளாண்ட் போட்டுச்சு. சட்டம் மட்டும் இருந்திருந்தா ராத்திரியில தொறந்து விட்டிருப்பாங்க, லாபம் மட்டும் இருந்திருந்தா யாரும் முதல் போட்டு ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. ரெண்டும் ஒரே திசையில தள்ளினப்ப தான் நடந்துச்சு. திருமணிமுத்தாறுல சாயத்தண்ணி ஓடறது இன்னும் நிக்காததுக்குக் காரணம் என்னன்னு இதை வச்சே யோசிச்சுக்கலாம், சாயத்தண்ணியில இருந்து எடுத்து விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

ஏற்காடு மேல போனா கதை கொஞ்சம் மாறும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வச்ச பயிர். காப்பியைக் காய வச்சு மூட்டை கட்டிட்டா கிழங்கு மாதிரி கெட்டுப் போகாது, மாசக்கணக்குல வச்சிருக்கலாம், ஆனா ரொம்ப வருஷமா அந்த வசதியை விவசாயி அனுபவிக்க முடியல. நாப்பதுகள்ல இருந்து காப்பி வாரியத்தோட பூல் முறை, விளைஞ்சதை வாரியத்துக்கிட்ட தான் குடுக்கணும், காசு தவணை தவணையா வரும். தொண்ணூறுகள்ல கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி 1996ல முழுசா விட்டாங்க, யாருக்கு வேணா விக்கலாம். தோட்டக்காரங்கள்ல பலர் இன்னைக்கும் அதை விடுதலைன்னு தான் சொல்லுவாங்க. தனியார் வேணாம் எல்லாத்தையும் அரசாங்கமே வாங்கி வித்தா சரியாயிடும்னு நினைக்கறவங்க இந்தக் கதையை ஒரு தடவை கேட்டுக்கறது நல்லது. கஞ்சமலை இரும்பை நம்பி 1970ல அடிக்கல் நாட்டின சேலம் உருக்காலை உற்பத்தி தொடங்கினது 1981ல, அதுவும் கஞ்சமலை இரும்பை உருக்கி இல்ல, வெளியில இருந்து வந்த ஸ்டெயின்லெஸ் சுருளைத் தகடாக்கி. பதினோரு வருஷம். லாபக்கணக்கு இல்லாத இடத்துல அவசரமும் இருக்காது.

ஆனா பூல் போனதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நல்ல காலம் வந்துடல. 2001, 2002ல உலக விலை பாதாளத்துக்குப் போனப்ப சின்ன விவசாயி தான் முதல்ல மூச்சு முட்டினாரு. 2025 பிப்ரவரியில அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி ஏறுச்சு, அப்ப யார் கையில சரக்கு இருந்துச்சோ அவங்களுக்குக் காசு. பெரிய எஸ்டேட்டுக்கு குடோன் இருக்கு, பேங்க் லிமிட் இருக்கு. அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வச்சிருக்கற மலைவாழ் குடும்பம் ஸ்கூல் ஃபீஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வியாபாரிக்கிட்ட முன்பணம் வாங்கியிருந்தா பழமாவே எடுத்துக் குடுத்துட்டு நிக்கும், விலை ஏறினப்ப பேப்பர்ல படிச்சுக்கலாம். எஸ்டேட் கூலி மட்டும் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்குன்னா அது காப்பி விலையால இல்ல, புள்ளைங்க படிச்சுட்டு சேலம், திருப்பூர், கோயம்புத்தூர்னு இறங்கிட்டதால ஆள் கிடைக்கல, அதனால ஏறுச்சு. எஸ்டேட்காரங்க ஆள் கிடைக்கலன்னு புலம்பறப்பெல்லாம் எனக்குத் தோணும், கீழ காசு வர்ற சத்தமே அதுதான்னு.

கூலி எப்படி நகராம நிக்கும்னு பாக்கணும்னா செவ்வாப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசு பட்டறையில பாக்கணும். கம்பி இழுக்கறது ஒரு வீடு, பத்த வைக்கறது (சூடு காட்டி ஒட்டறது) ஒரு வீடு, சலங்கை கோக்கறது இன்னொரு வீடு, மெருகு வேற இடம். வெள்ளி முதலாளியோடது, எடை போட்டுக் குடுப்பாரு, எடை போட்டு வாங்குவாரு, நடுவுல இவ்வளவு சேதாரம் போகலாம்னு ஒரு கணக்கு, அதுக்கு மேல குறைஞ்சா கூலியில புடிச்சுக்குவாங்க. கூலி வேலைக்குத் தானே தவிர வெள்ளி விலைக்கு இல்ல. 2020 ஆரம்பத்துல கிலோ அம்பதாயிரத்துக்குக் கீழ இருந்த வெள்ளி 2025 அக்டோபர்ல ஒன்றரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. சரக்கு இருப்பு வச்சிருந்தவங்களுக்கு உக்காந்த இடத்துல லாபம். பத்த வைக்கற ஆளுக்கு என்ன ஆச்சு? முன்னாடி ரெண்டு கிராம் கீழ சிந்தினா நூறு ரூபா போகும், ஒன்றரை லட்சம் விலையில முன்னூறு ரூபா போகும். விலை ஏறினதுல அவர் பங்குக்கு வந்தது பயம் தான், அதோட விலை ஏற ஏற கொலுசு வாங்கறவங்க குறைஞ்சு வேலையும் குறையும். மேல நிரம்பி வழியறப்ப கீழ இருக்கறவருக்கு நட்டம் வர்றதும் உண்டுங்கறது இந்தப் பாடத்துல வராத பக்கம்.

இப்ப அமெரிக்கா. 1981ல ரீகன் ஜனாதிபதியா வந்தப்ப பணக்காரங்களோட உச்ச வருமான வரி 70 சதவீதம், அதை 50 ஆக்கினாரு, 1986ல இன்னொரு சட்டம் போட்டு 28க்குக் கொண்டு வந்தாரு. வரியைக் குறைச்சா தொழில் பெருகி வரி வசூலே ஏறிடும்னு ஒரு நம்பிக்கை. தொழில் வளர்ந்துச்சு, இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா பட்ஜெட்ல விழுந்த ஓட்டை அடைபடல, எட்டு வருஷத்துல நாட்டுக் கடன் கிட்டத்தட்ட மூணு மடங்காச்சு. கேன்சஸ் மாநிலம் 2012ல இதையே பண்ணிப் பாத்துச்சு, பள்ளிக்கூடத்துக்குக் காசில்லாம 2017ல கவர்னரோட கட்சிக்காரங்களே சேந்து அவரோட வீட்டோவை மீறி வரியைத் திரும்பப் போட்டாங்க. பிரிட்டன்ல பிரதமர் லிஸ் டிரஸ் 2022 செப்டம்பர்ல உச்ச வரியை எடுக்கறேன்னு அறிவிச்சாங்க, மூணே நாள்ல பவுண்டு டாலருக்கு எதிரா அதுவரைக்கும் இல்லாத அடிமட்டத்துக்குப் போச்சு, அடுத்த மாசம் பதவியே போச்சு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கிங்ஸ் காலேஜ் லண்டன்ல இருந்து ரெண்டு ஆய்வாளர்கள் 18 பணக்கார நாடுங்களோட 50 வருஷக் கணக்கை எடுத்துப் பாத்தாங்க: பணக்காரங்களுக்கு வரி குறைச்சப்பெல்லாம் உச்சியில இருக்கற 1 சதவீதத்தோட பங்கு ஏறியிருக்கு, வளர்ச்சியிலயும் வேலையிலயும் சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல. இதெல்லாம் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை இல்லீங்க. ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஆய்வே 2015ல சொல்லியிருக்கு, மேல இருக்கற 20 சதவீதம் பேரோட வருமானப் பங்கு 1 புள்ளி ஏறினா அடுத்த அஞ்சு வருஷ வளர்ச்சி 0.08 புள்ளி குறையுது, கீழ இருக்கற 20 சதவீதத்தோட பங்கு அதே அளவு ஏறினா 0.38 புள்ளி கூடுதுன்னு.

நம்ம நாட்டுப் பரிசோதனை 2019 செப்டம்பர் 20. கம்பெனி வரி 30 சதவீதத்துல இருந்து 22க்கு இறங்குச்சு (வேற சலுகை கேக்கக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன்), புதுசா ஃபேக்டரி போடறவங்களுக்கு 15. அரசாங்கமே சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபா விட்டுக்குடுத்த காசு. அடுத்த மார்ச்ல கொரோனா வந்துட்டதால இதைச் சுத்தமா எடை போட முடியாது, அதையும் சொல்லிடணும். ஆனா ரிசர்வ் பேங்க் அந்த வருஷ அறிக்கையில என்ன எழுதுச்சுன்னா, அந்தக் காசு கடனை அடைக்கவும் கையிருப்பை ஏத்தவும் போயிருக்கு, புது முதலீட்டுக்குப் போகலன்னு. ஏன் போகல? ஒரு கொலுசு முதலாளிக்கிட்ட போய் உங்களுக்கு வரி குறைச்சாச்சு, இன்னும் பத்து ஆள் போடுங்கன்னு சொன்னா அவர் சிரிப்பாரு, ஆர்டர் இருந்தா தான் ஆள் போடுவாரு. வாங்கற ஆளு கையில காசு இருக்கான்னு பாத்துட்டு தான் யாரும் மிஷின் இறக்குவாங்க, வரி மிச்சம் ஆச்சேன்னு யாரும் இறக்கறதில்ல.

2024-25 பொருளாதார ஆய்வறிக்கை, அதுவும் மத்திய அரசோடது தான், இன்னும் வெளிப்படையா சொல்லுச்சு: பெரிய கம்பெனிகளோட லாபம் 2023-24ல 22.3 சதவீதம் ஏறியிருக்கு, ஆள் எண்ணிக்கை 1.5 சதவீதம் தான் கூடியிருக்கு, ஜிடிபியில லாபத்தோட பங்கு பதினஞ்சு வருஷத்துல இல்லாத உச்சம். அதே வருஷம் தனிநபர் வருமான வரி வசூல் 10.44 லட்சம் கோடி, கம்பெனி வரி 9.11 லட்சம் கோடி. அதாவது கம்பெனிங்க கட்டினதை விட தனிநபருங்க கட்டினது அதிகம். உலக சமத்துவமின்மை ஆய்வகத்தோட கணக்குல 2022-23ல நாட்டு வருமானத்துல 22.6 சதவீதம் 1 சதவீதம் பேர் கையில.

ஆனா இதை மட்டும் சொல்லிட்டு விட்டா பாதி உண்மை. உலக வங்கி கணக்குல ஒரு நாளைக்கு 3 டாலருக்குக் கீழ வாழ்ந்தவங்க இந்தியாவுல 2011-12ல 27.1 சதவீதம், 2022-23ல 5.3 சதவீதம். வளர்ச்சி இல்லாம இது நடந்திருக்காது, லாபத்துக்காக முதல் போட்டவங்க இல்லாம அந்த வளர்ச்சி வந்திருக்காது. செல்ஃபோனைப் பாருங்க, 1995ல வந்தப்ப ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபா வரைக்கும் போச்சு, போட்டி வர வர கீழ விழுந்து 2016க்கு அப்புறம் பேசறது கிட்டத்தட்ட சும்மா ஆயிடுச்சு. அப்புறம் கம்பெனிங்க ரெண்டு மூணா சுருங்கினாங்க, 2024 ஜூலையில ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ரீசார்ஜை ஏத்தினாங்க. லாப ஆசை 2016லயும் அதே தான், 2024லயும் அதே தான். வாடிக்கையாளருக்கு வேற கடைக்குப் போற வழி இருந்தப்ப லாபம் அவர் பக்கம் வந்துச்சு, வழி அடைஞ்சதும் திரும்பிப் போச்சு. சித்தப்பா நின்ன மில்லு வாசல் மாதிரியே தான் இதுவும்.

லாபமே எட்டிப் பாக்காத வேலையும் இருக்கு. 2020ல குச்சிக்கிழங்குல ஒரு புது மாவுப்பூச்சி வந்து சேலம் நாமக்கல்ல காடு காடா சுருட்டிப் போட்டுச்சு. மருந்துக்கடைக்காரங்க டப்பா டப்பாவா வித்தாங்க, பெருசா ஒண்ணும் கேக்கல. கடைசியில பெங்களூர்ல இருக்கற மத்திய அரசு பூச்சி ஆராய்ச்சி நிலையம் ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து அந்த மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்கற ஒரு குட்டிக் குளவியை வரவழைச்சு, வளத்து, 2022ல ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல வச்சு விவசாயிங்களுக்கு வெளிய விட்டாங்க. அந்தக் குளவி ஒரு காட்டுல விட்டா பக்கத்துக் காட்டுக்குத் தானா பறந்து போயிடும், பில் போட முடியாது, அதனால எந்தக் கம்பெனியும் அதைத் தொட்டிருக்காது. வரிக்காசு தான் அதைப் பண்ணுச்சு. மேல வரியைக் குறைச்சா இந்த மாதிரி வேலைக்குக் காசு எங்க இருந்து வரும்ங்கறது டிவி வாதத்துல வர்றதே இல்ல.

தமிழ்நாடு இந்த விஷயத்துல தலைகீழா போன ஊரு. 1956ல காமராசர் மதிய உணவு ஆரம்பிச்சப்பவும், 1982ல எம்ஜிஆர் சத்துணவா பெருசாக்கினப்பவும் இது வெட்டிச் செலவு, இந்தக் காசுல ஃபேக்டரி கட்டலாம்னு சொன்னவங்க உண்டு. அன்னைக்கு சாப்பிட்டுப் படிச்ச பொண்ணுங்களோட பொண்ணுங்க தான் இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஃபேக்டரி லைன்ல நிக்கறாங்க. 2019-20 தொழிற்சாலை ஆய்வுப்படி நாட்டுல ஃபேக்டரியில வேலை செய்யற பெண்கள்ல நூத்துக்கு நாப்பத்து மூணு பேர் இந்த ஒரு மாநிலத்துல. கம்பெனிங்க இங்க வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். இங்க காசு முதல்ல கீழ போச்சு, அப்புறம் மேல ஏறுச்சு.

2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மாசம் ஆயிரம் ரூபா மகளிர் உரிமைத்தொகையும் அந்த வகை தான். எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சியைக் கேட்டா பதினஞ்சாம் தேதிக்கு மேல நோட்டுல பாக்கி எப்படி குறையுதுன்னு சொல்லுவாரு. கோடீஸ்வரருக்கு ஆயிரம் ரூபா குடுத்தா அது அக்கவுண்ட்ல உக்காந்துக்கும், இந்தம்மாவுக்குக் குடுத்தா அன்னைக்கு சாயந்திரமே துவரம்பருப்பா மாறிடும், கடைக்காரர் மறுபடி லோடு எடுப்பாரு. அதை விட எனக்குப் பெருசா படறது வேற. வீட்டுல ஒரு ஆயிரம் இருக்குங்கற தைரியத்துல, அடிமாட்டுக் கூலிக்குக் கூப்பிட்டா இந்த வாரம் வர முடியாதுங்கன்னு சொல்ல முடியுது. நூறு நாள் வேலை வந்தப்பவும் அதே தான் ஆச்சு, காட்டு வேலைக்கு ஆள் வரமாட்டேங்கறாங்கன்னு நம்ம ஆளுங்க திட்டினாங்க (எங்க சித்தப்பா இன்னைக்கும் திட்டறாரு), கிராமத்துக் கூலி ஏறினதை ஆய்வுகளும் காட்டுச்சு. விவசாயிக்கு அது செலவு, கஷ்டம் தான், ஒத்துக்கறேன். மில்லு வாசல்ல சித்தப்பாவால வேணாம்னு சொல்ல முடியல, அவர் காட்டுல களை எடுக்கற அக்காவால சொல்ல முடிஞ்சுது.

புது ஃபேக்டரிக்கு 15 சதவீத வரிங்கற சலுகை 2024 மார்ச் 31க்குள்ள உற்பத்தி ஆரம்பிச்சவங்களோட முடிஞ்சுது, திரும்பக் குடுங்கன்னு முதலாளிங்க சங்கங்க கேட்டாங்க. அதுக்கு நடுவுல மத்திய அரசு 2025 ஆகஸ்ட்ல இருந்து வேற ஒரு ரூட் புடிச்சிருக்கு, 99,446 கோடி ரூபா திட்டம், புதுசா ஆள் சேத்தா ஒரு ஆளுக்கு மாசம் 3000 ரூபா வரைக்கும் முதலாளிக்கு, முதல் தடவை வேலைக்கு வர்றவங்களுக்கு 15,000 வரைக்கும். சம்பாதிச்சுக்கோ, அப்புறம் ஆள் போடுன்னு சொல்றதுக்கும், ஆளைப் போடு, அப்புறம் காசு வாங்கிக்கோன்னு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, இது தேவலாம். ஆனா இது பிஎஃப் ஆபீஸ்ல பதிஞ்ச நிறுவனத்துக்குத் தான், ஆளோட பேர் பிஎஃப் கணக்குல ஏறணும். பனங்காட்டுல வீட்டுத் திண்ணையில உக்காந்து கொலுசு பத்த வைக்கறவருக்கு பிஎஃப் நம்பர் கிடையாது, களத்துல ஜவ்வரிசி கிளறற அக்காவுக்கும் பெரும்பாலும் கிடையாது. சேலத்துல வேலைன்னா முக்கால்வாசி இந்த மாதிரி வேலை தான், அவங்களை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு அந்தத் திட்டத்துல ஒரு வரி கூட இல்ல.